உப்புப் பாயசக் கதையை அவரும் கேட்கட்டும்

கேள்வி: எனக்கு 54 வயது. சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு 61. பேருந்து ஓட்டுநராக இருந்தவர். 14 மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, சரியாகத் தலையாட்டுகிறார். பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. நான் ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலை பார்க்கிறேன். அந்த நேரம் அவர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இருப்பார். ஒரே மகன். தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளி மாலைதான் வீட்டுக்கு வருவான்.

தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்து, 28 வருடமாக எனக்கு ஒரு தோழி. வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு, காப்பிக்கடையில் ஆளுக்கொரு தே தாரிக் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். கணவருக்கு முடியாமல் போனதிலிருந்து எல்லாம் நின்றுவிட்டது. நான்கு மாதத்துக்கு முன்பு அவள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். சம்பந்தி வீட்டாருக்குப் பாயசம் வைத்தபோது சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டாளாம். சம்பந்தி மரியாதைக்காக முழு டம்ளரையும் குடித்துவிட்டு, 'ரொம்ப நல்லா இருக்கும்மா' என்றாராம். சமையலறையில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், சக்கர நாற்காலியில் இருந்தபடி இவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போனை அணைத்துவிட்டேன். இவர் இப்படி இருக்கும்போது எனக்கு என்ன சிரிப்பு என்று அன்று இரவெல்லாம் அழுதேன். தோழிக்கு இதுவரை பதில் போடவில்லை.

முட்டி வலியால் ஒரு தைப்பூசம் பால்குடம் எடுக்காமல் விட்டேன். அந்த வருடமே இவருக்கு இப்படி ஆனது. 'அதான் முருகன் சோதிக்கிறான்' என்கிறார் நாத்தனார். சாமி கும்பிட்டாலும் அழுகைதான் வருகிறது. எதிர்வீட்டு மலாய் அம்மா அடிக்கடி ஏதாவது சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லாததால் அவருடைய டப்பாக்கள் மூன்று என் அலமாரியிலேயே இருக்கின்றன. அவரைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது. இனிமேல் எனக்குச் சந்தோஷம் என்று ஒன்று உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம், சமையலறையில் நீங்கள் திரும்பிப் பார்த்த அந்த நொடி. அவர் உங்களைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. 'நான் இப்படிக் கிடக்கிறேன், உனக்குச் சிரிப்பு வருகிறதா' என்று அவர் சொல்லவில்லை. அந்த வாசகம் உங்கள் மனதில் பிறந்தது. அதை அவர் கண்ணில் ஏற்றிவைத்துவிட்டு, நான்கு மாதமாக நீங்கள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்து மாதமாகச் சிரிப்புச் சத்தமே கேட்காத வீடு. திடீரென்று சமையலறையிலிருந்து மனைவி வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் வருகிறது. புத்தி தெளிவாக இருக்கிற மனிதர், 'என்ன விஷயம், எனக்கும் சொல்லேன்' என்று கேட்க நினைக்கிறார். வார்த்தை வரவில்லை. அதனால் பார்க்கிறார். இப்படியும் இருந்திருக்கலாம் அல்லவா? அது எந்தப் பார்வை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் ஒலி 96.8 போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பவர் என் அம்மா. அப்பாவுக்கு முடியாமல் போன நாளிலிருந்து அந்த வானொலியைத் தொடவில்லை. தலையில் பூ வைப்பதையும் நிறுத்திவிட்டார். அப்பாவின் மனம் நோகக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்: 'வீடு எழவு வீடு மாதிரி இருக்கும்மா. நான் இன்னும் சாகலையே. அந்த ரேடியோவையாவது போடச் சொல்லு.' இரண்டு வருடமாக அதைச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார். பேச்சு நன்றாக வந்த மனிதருக்கே அந்த நிலைமை. உங்கள் கணவர் எப்படிச் சொல்வார்?

அதனால்தான் உங்கள் சிரிப்பு அவருக்குச் செய்த துரோகம் என்று நீங்கள் நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் துக்கம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒருவர் இறந்துவிட்டால் சொந்தபந்தம் வந்து கூடுகிறது, கட்டிப்பிடித்து அழுகிறது, பதினாறாம் நாள் காரியம் என்று ஒன்று நடக்கிறது. அழுவதற்கு ஓர் இடமும், அழுது முடிப்பதற்கு ஒரு நாளும் நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு அப்படி ஒரு சடங்கும் இல்லை. ஆள் எதிரே இருக்கிறார். ஆனால் உங்களோடு சண்டை போட்டு, கிண்டல் செய்து, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரைக் காணோம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இந்தத் துக்கத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். முடிவு நாள் இல்லாத துக்கம் இது. அது முடியட்டும், பிறகு சிரிக்கலாம் என்று காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டும் ஒரே வீட்டில் இருந்துகொள்ளும். காலையில் அவருக்குச் சட்டை மாட்டும்போது கண் கலங்கும், பத்து மணிக்குப் பாலர் பள்ளியில் ஒரு குழந்தை 'ஆன்ட்டி, மோர் ரைஸ்' என்று தட்டை நீட்டும்போது சிரிப்பு வரும். வரட்டும்.

சரி, நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன்.

உங்கள் கணவருக்குப் பல வருடமாக ரத்தக்கொதிப்பு இருந்ததா, சர்க்கரை இருந்ததா, புகைத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இவற்றோடு சீரற்ற இதயத்துடிப்பையும் சேர்த்துக்கொண்டால், பக்கவாதத்தின் முக்கியக் காரணங்கள் அநேகமாக வந்துவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது, இல்லையென்றால் வெடிக்கிறது. பால்குடத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை பால்குடம் தூக்கி நடந்தவர் நீங்கள். அத்தனை வருட நடையைக் கணக்கில் வைக்காமல், முட்டி வலித்த ஒரு வருடத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்கிற முருகனையா இவ்வளவு காலம் கும்பிட்டீர்கள்? நானும் கோவிலுக்குப் போகிறவள்தான். எனக்குத் தெரிந்த முருகன் அப்படிப்பட்டவன் இல்லை.

இதை பக்தியோடு மட்டும் சொல்லவில்லை, என் தொழிலிலும் இதற்கு இடம் இருக்கிறது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், நோயிலும் இழப்பிலும் மனிதர்கள் தங்கள் நம்பிக்கையை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 'கடவுள் என் கூட இருக்கிறார், இதைத் தாண்ட வைப்பார்' என்று பிடித்துக்கொள்பவர்களுக்கு மனம் தேறுகிறது. 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்' என்று நினைப்பவர்களுக்கு அதே நம்பிக்கை சுமையாகிறது, மனச்சோர்வு கூடுகிறது, உடம்பும் கெடுகிறது. கோவில் ஒன்றுதான், சாமி ஒன்றுதான். எந்த முகத்தோடு அந்தச் சாமியைப் பார்க்கிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. நாத்தனார் உங்களுக்குக் கொடுத்தது இரண்டாவது முகத்தை. அவரும் தன் அண்ணன் விழுந்துவிட்ட வேதனையில் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடுகிறார். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். 'பரவாயில்லை, முருகனிடம் நானே பேசிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதே என்று உறுத்தினால் கோவில் குருக்களிடம் நேராகக் கேளுங்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதை அவர் சொல்வார்.

'சாமி கும்பிட்டாலும் அழுகைதான் வருகிறது' என்கிறீர்கள். அழுங்கள், தப்பில்லை. ஆனால் இப்போது உங்கள் பிரார்த்தனை முழுவதும் 'இதைக் கொடு, இதைச் சரிசெய்' என்று மனுக் கொடுப்பதாகவே ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது. விளக்கேற்றும்போது, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை மட்டும் முருகனிடம் சொல்லுங்கள். தோழியிடம் சொல்வது போலச் சொன்னால் போதும். 'இன்னைக்கு இவர் இடது கையால தானே கரண்டி பிடிச்சுச் சாப்பிட்டார், சட்டையில ஒரு சொட்டுகூடச் சிந்தல.' 'லிஃப்ட்ல ஒரு சின்னப் பையன் இவருக்கு ஹை ஃபைவ் கொடுத்தான்.' இப்படி எதுவாகவும் இருக்கட்டும். ராத்திரி ஒன்று சொல்ல வேண்டுமே என்பதற்காகவே பகலில் கண் தேட ஆரம்பிக்கும். அந்தத் தேடல்தான் எனக்கு வேண்டும். இதை அவர் காதில் விழுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம், கோவில். மனசு கொஞ்சம் சரியானதும் போகலாம் என்று நீங்கள் இருக்கிறீர்கள். என் அனுபவத்தில் மனம் அந்த வரிசையில் வேலை செய்வதில்லை. முதலில் கால் போக வேண்டும், மனசு பின்னால் வரும். மனச்சோர்வுக்கு நாங்கள் கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்றே இந்த அடிப்படையில் உருவானதுதான்: பிடித்த காரியத்தை, பிடிக்காத மனநிலையிலும், குறித்த நேரத்தில் செய்வது. உங்களுக்கு அந்த நேரம் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளி மாலை மகன் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வருகிறான். களைத்து வருகிற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று நினைப்பீர்கள். கேளுங்கள். 20 வயதுப் பிள்ளை, பேச முடியாத அப்பாவோடு இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து, அவருக்குச் சாப்பாடு ஊட்டி, சேர்ந்து பந்தாட்டம் பார்ப்பது அவனுக்கும் வேண்டியதுதான். நீங்கள் எப்போதும் நடுவில் இருந்தால் அவனுக்கு அப்பாவிடம் நெருங்க வழி இருக்காது.

ஈசூனிலேயே புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோவில் இருக்கிறது. நீங்கள் போவதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். அபிஷேகம் முழுவதும் இருந்து பார்க்க வேண்டும் என்பதில்லை. தீபாராதனை பார்த்து, திருநீறு எடுத்துக்கொண்டு, தெரிந்த முகம் நான்கைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். 'எப்படி இருக்கார்?' என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பேர் கோவில் பக்கம் வராமல் இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'மெதுவா தேறி வர்றார், வேண்டிக்கோங்க.' அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தோழி. 28 வருடப் பழக்கம். நான்கு மாதமாகப் பதில் இல்லை. அவருக்கு வருத்தம் இருக்கும், ஒருவேளை கோபமும் இருக்கும். தான் சொன்ன கதை இந்த நேரத்துக்குப் பொருந்தாததாகப் போய்விட்டதோ என்று அவரும் தன்னையே நொந்துகொண்டிருக்கலாம். நீண்ட விளக்கம் எழுத உட்கார்ந்தால் அனுப்பவே மாட்டீர்கள். இப்படி எழுதுங்கள்: 'மன்னிச்சுக்கோடி. உன் பாயசக் கதையைக் கேட்டு அன்னைக்கு அவ்வளவு சிரிச்சேன். சிரிச்சதே தப்புன்னு நினைச்சு உன்கிட்ட பேசாம இருந்துட்டேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கோவிலுக்கு வர்றியா?' நடந்தது முழுவதும் அதிலேயே வந்துவிட்டது.

அவர் வந்தால், 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று கேட்பார். எல்லாரும் கேட்பதுதான், நாமும் 'ஒண்ணும் வேணாம்' என்று சொல்லிவிடுவோம். அந்தப் பழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். கேட்பவருக்கு உண்மையாகவே செய்ய ஆசை இருக்கும், என்ன செய்வது என்றுதான் தெரியாது. 'தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா எனக்கும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிட்டு வா.' 'சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வந்து இவர் கூட உட்கார், நான் தலைக்குக் குளிச்சு நிதானமா ஒரு காப்பி குடிக்கிறேன்.' இப்படிக் கைக்கு அடக்கமாகச் சொன்னால் அவர் செய்வார், சந்தோஷமாகவே செய்வார்.

எதிர்வீட்டு மலாய் அம்மாவின் டப்பாக்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு என் அம்மாவே கண் முன் வந்துவிட்டார். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நல்ல பழக்கமே இன்று உங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்று டப்பாவையும் கழுவித் துடைத்து, ஒன்றில் இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கும் முடியாத நாள் என்றால் காலியாகவே கொடுங்கள். 'மக்சிக், தெரிமா காசி' என்று மலாயில் நன்றி சொல்லி இரண்டு நிமிடம் அந்தக் கம்பிக் கதவருகே நில்லுங்கள். அவர் சமைத்துக் கொண்டுவரும்போது உங்கள் டப்பா திரும்பி வருமா என்று பார்த்துக் கொண்டுவரவில்லை. தொழுகையில் உங்கள் கணவருக்காகவும் அவர் துஆ கேட்டுக்கொண்டிருக்கலாம். இந்த ஊரில் நம் புளோக்குகளில் இது நடக்கிறது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். உங்கள் கணவர் பாடுவாரா? வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருப்பதால், அவருக்கு மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டுக்கோ வலப்பக்கமும் வேலை செய்கிறது. அதனால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாத சிலர், சிறுவயது முதல் தெரிந்த பாட்டென்றால் வார்த்தையோடு சேர்த்தே பாடிவிடுவார்கள். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதையே ஒரு பேச்சுப் பயிற்சி முறையாக உருவாக்கினார்கள். நான் மருத்துவமனையில் சமூக சேவகியாக இருந்த காலத்தில் ஒரு தாத்தா, ஆறு வாரமாக 'ம்ம்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவர், மனைவி கட்டில் ஓரம் உட்கார்ந்து தினமும் பாடுகிற முருகன் பாட்டை மெதுவாகத் தொடங்கியதும், அடுத்த அடியைத் தானாகவே எடுத்துப் பாடினார். அந்தப் பாட்டி பாடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். எல்லாருக்கும் இது நடந்துவிடாது. உங்கள் கணவருக்கு வராமலும் போகலாம். ஆனாலும் அவருடைய பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். விளக்கேற்றும்போது நீங்கள் வழக்கமாகப் பாடுவதை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, அடிக்கு அடி நிறுத்திப் பாடுங்கள். உதடு அசைகிறதா என்று பாருங்கள். எதுவும் வராவிட்டாலும், இருவரும் சேர்ந்து சாமி கும்பிட்டதாக இருக்கட்டும்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் குறைந்தது மூன்றுக்கு நிரந்தரமாக அடுத்தவர் துணை வேண்டியிருந்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து இல்லப் பராமரிப்பு மானியம் மாதாமாதம் கிடைக்கும். நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டிய நாட்களில் அவரைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்கலாம். சிங்கப்பூர் தேசியப் பக்கவாதச் சங்கத்தில் உங்களைப் போன்ற குடும்பத்தினரையும் சந்திக்கலாம்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலுமே மனம் ஒட்டாமல் இருந்தால் அதைத் துக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். பாலிகிளினிக் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அது நடுராத்திரியாக இருந்தாலும், 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை அழையுங்கள். மனநல ஆதரவுக்கான 1771 எண்ணும் 24 மணி நேரமும் இருக்கிறது.

சரி, அந்தப் பார்வை எதைக் கேட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றேனே. தோழியின் குரல் செய்தி இன்னும் உங்கள் போனில் இருக்கும், நீங்கள் அழித்திருக்க மாட்டீர்கள். இன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு கொடுத்து, வாய் துடைத்துவிட்ட பிறகு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்காருங்கள். 'அன்னைக்கு நான் எதுக்குச் சிரிச்சேன் தெரியுமா?' என்று கேளுங்கள். அவர் தலையாட்டுவார், இல்லை என்பார், ஏதாவது ஒன்று செய்வார். பிறகு சத்தத்தைக் கூட்டிவைத்து, அந்தப் பாயசக் கதையை முதலிலிருந்து போடுங்கள். சம்பந்தி டம்ளரை முழுதாகக் குடிக்கிற இடம் வரும்போது போனைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள்.

தோழிக்குச் செய்தியை அதற்குப் பிறகு அனுப்பினாலும் சரிதான். அவர் என்ன செய்தார் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.